மதுரையில் மாதச் சாப்பாட்டுச் செலவு: எந்தச் சாமானுக்கு எந்தக் கடை?

மதுரையில் நாலு பேரிடம் "எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?" என்று கேட்டால் நாலு பதில் வரும். பலசரக்குக் கடைகள் இருக்கிற கீழமாசி வீதிக்குப் போ என்பார் ஒருவர். காய்க்கு உழவர் சந்தையை விட்டால் வேறு இடமே கிடையாது என்பார் இன்னொருவர். மாசம் பிறந்ததும் சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் போடுகிறான் என்பார் மூன்றாமவர். நாலாவது ஆள் செல்போனை எடுத்துக் காட்டுவார். நாலு பேர் சொல்வதும் ஏதோ ஒரு சாமானுக்குச் சரிதான். மொத்தச் சாமான் சிட்டைக்கும் சரியாக வருகிற கடை எதுவும் கிடையாது. அதனால் கடையைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடாமல், சாமானைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடுகிறேன்.

கணக்குப் போட ஒரு வீடு வேண்டும். கோ.புதூர் பக்கம் வாடகைக்கு இருக்கிற நாலு பேர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அரிசி கார்டு, ஒரு டூவீலர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். கீழே வரும் சந்தை விலைகளும் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே. அரசு வைத்த விலைகள் மட்டும் உள்ளபடியே சொல்லப்பட்டவை.

ரேஷன்: வாங்குவது வேறு, சாப்பிடுவது வேறு

ரேஷனை எந்தக் கடையோடும் விலையில் ஒப்பிட முடியாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. கார்டுக்குப் பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், நாலு பேருக்கு இரண்டு கிலோ சீனி. வெளியே பருப்பு 130, பாமாயில் 120, சீனி 45 என்று போட்டால், இந்த மூன்றிலும் சேர்த்து மாதம் 235 ரூபாய் மிஞ்சும். பருப்பும் எண்ணெயும் சில மாதம் முதல் வாரத்தில் வராது. 2024-ல் மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. அதனால் அரைக் கிலோ பருப்பு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பில் போட்டதும் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியை அங்கேயே நின்று வாசித்துவிடுங்கள். வாங்காத சாமானுக்குக் கணக்கு ஏறியிருந்தால் அப்போது கேட்பதுதான் எளிது.

பெரிய பணம் இருப்பது இந்த மூன்றிலும் இல்லை, அரிசியில். அரிசி கார்டுக்கு மாதம் 20 கிலோ வரை கிடைக்கும். ஆனால் பல வீடுகளில் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சோற்றுக்கும் இட்லிக்கும் கடை அரிசிதான் வாங்குகிறார்கள். சோறாக வடித்தால் வாடை, நிறம், குழைவு என்று ஆளுக்கொரு குறை சொல்வது உண்மைதான். இட்லி மாவில் இந்தக் குறை எதுவும் தெரியாது. ரேஷன் புழுங்கலரிசியை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, இட்லி அரிசியைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவைத்து ஆட்டினால் போதும். முதலில் பாதிக்குப் பாதி இட்லி அரிசியோடு கலந்து பாருங்கள். வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். பச்சரிசி வந்தால் ஆப்பம், புட்டு, பொங்கல். இப்படி மாதம் பத்துக் கிலோ உள்ளே போனாலும், கிலோ 45 என்ற கணக்கில் 450 ரூபாய். பருப்பு, எண்ணெய், சீனி மூன்றும் சேர்ந்து தருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கழுவும்போது வெளுப்பாகச் சில மணிகள் மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிய வேண்டாம். அவை இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தவை.

காய்கறி: போகவரச் செலவு யாருடையது?

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் திறந்தது நம்ம அண்ணா நகரில்தான். சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர் என்று மற்றவை பிறகு வந்தன. விலையை அன்றன்று காலையில் அதிகாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து வைப்பார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது அதன் வரைமுறை. வாசலில் விலைப்பலகை தொங்கும். அன்று அங்கே எதுவும் வாங்காவிட்டாலும் அந்தப் பலகை உதவும். தெருவில் வருகிற வண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று உரசிப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் ஊரில் இல்லை.

இப்போது கணக்கு. வாரத்துக்கு எட்டுக் கிலோ காய், தெருக்கடையில் சராசரி கிலோ 50 என்றால் 400 ரூபாய். சந்தையில் 15 சதவீதம் குறைந்தால் 340. மிச்சம் 60. கோ.புதூரிலிருந்து போகவர ஏழெட்டுக் கிலோமீட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் 102 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 18 ரூபாய். வாரத்துக்கு இரண்டு நடை போனால் 36. அறுபதில் பாதிக்கு மேல் பெட்ரோலுக்கே போய்விட்டது. கையில் நிற்பது 24 ரூபாய், அதற்கும் வாசலில் ஒரு டீ, ஒரு வடை காத்திருக்கிறது.

அதே நடையை வீட்டுப் பெண்கள் யாராவது டவுன் பஸ்ஸில் போனால் கணக்கு மாறிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அறுபதும் அப்படியே கைக்கு வரும். சந்தைக்கு வண்டியில் போகிற ஆம்பிளையைவிட பஸ்ஸில் போகிற பெண்ணுக்குத்தான் காய் மலிவு. அதற்காக இந்த வேலையையும் அவர்கள் தலையிலேயே கட்டுவது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆபீஸ் போகிற வழியிலேயே சந்தை இருந்தால் பெட்ரோலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை, யார் போனாலும் லாபம்தான்.

சந்தையில் எதை வாங்குவது என்பதும் இருக்கிறது. நாட்டுக்காய்தான் அங்கே உசத்தி: கத்தரி, வெண்டை, சீனியவரை, புடலை, பீர்க்கு, சுரை, கீரை. முந்தின நாள் பறித்தது என்பதால் மூன்று நாள் தாங்கும். கேரட், பீன்ஸ் மாதிரி இங்கிலீஷ் காய்கள் மலையிலிருந்து இறங்கி வருபவை. அவற்றுக்குத் தெருக்கடைக்கும் சந்தைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏழு மணிக்குள் போனால் பொறுக்கி எடுக்கலாம். மூடுகிற நேரத்துக்குப் போனால் மிச்சம் மீதியைக் கூறு போட்டு விலையை இறக்கிக் கொடுப்பார்கள். அன்றைக்கே சமைப்பதற்கு அது போதும்.

மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட் இன்னும் மலிவுதானே என்று கேட்பீர்கள். கிலோ விலை மலிவுதான். ஆனால் அங்கே ஒரு கிலோ, அரைக் கிலோ என்று கேட்டால் மொத்தக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தக்காளி ஐந்து கிலோ, கிலோ 20 ரூபாய் என்று வாங்கி வருகிறோம். அடியில் நசுங்கியதும் நாலாம் நாள் அழுகியதுமாக ஒன்றரைக் கிலோ குப்பைக்குப் போகிறது. மிஞ்சின மூன்றரைக் கிலோவுக்கு நாம் கொடுத்தது கிலோ 28 ரூபாய் 57 காசு. உழவர் சந்தையில் 25-க்கு ஒரு கிலோ வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆக, ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் மாட்டுத்தாவணி வேண்டாம். ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம் பங்கு போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அதற்கு ஈடு கிடையாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கெடாத சாமான் என்பதால் தனி வீட்டுக்காரரும் ஐந்து கிலோ எடுக்கலாம். பெரிய வெங்காயத்துக்குக் கீழமாரட் வீதியும் இருக்கிறது.

லோடு ஆட்டோவில் மைக் கட்டி "மூணு கிலோ நூறு ரூபா" என்று வருகிறதே, அதை மட்டம் தட்டத் தேவையில்லை. வரத்து கூடின வாரங்களில் சந்தைக்கே சவால் விடும் விலை அது. எடையில்தான் கண் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் எடுத்துப்போய்த் தராசில் வையுங்கள். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ரொம்பக் கூட்டிக் காட்டினால் தராசில் கோளாறு, நகர்ந்துவிடலாம்.

எந்தக் கடை என்பதைவிட எந்த நாள், எந்தக் காய் என்பதில் சில சமயம் கூடுதலாக மிஞ்சும். அமாவாசைக்கு முந்தின நாள் வாழைக்காய் வாங்கக் கூடாது. வரிசையாக முகூர்த்தம் வருகிற வாரத்தில் கல்யாணச் சமையலுக்குப் போகிற காய் எல்லாம் ஏறும். மார்கழி, தை மாதங்களில் மரம் காய்க்காது, முருங்கைக்காய் விலை கேட்கவே பயமாக இருக்கும். அப்போது முருங்கைக்கீரைக்கு மாறுவதுதான் புத்தி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீட்டில் மோர்க்குழம்பும் புளிக்குழம்பும் மாற்றி மாற்றிக் கொதித்தன என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். யாரும் இளைத்துப் போகவில்லை.

பலசரக்கு: கீழமாசி வீதியா, சூப்பர் மார்க்கெட்டா, அண்ணாச்சி கடையா?

கீழமாசி வீதியில் எல்லாமே மலிவு என்ற பேச்சு பாதிதான் உண்மை. மிளகாய் வத்தல், மல்லி, புளி, சீரகம், மிளகு, பருப்பு வகை, முந்திரி இவற்றில் வித்தியாசம் தெரியும். சோப்பு, டீத்தூள், பிஸ்கட் மாதிரி விலை அச்சிட்டு வருகிற பாக்கெட் சாமானில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவற்றுக்காக ஒரு பையைக் கூடுதலாகச் சுமந்து வருவது வீண்.

அங்கே உதிரியாக எடைபோட்டு வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கண்ணெதிரே மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டுக் கொடுத்தால் வரி கிடையாது. அரிசிக் கடையில் 26 கிலோ சிப்பம் முளைத்ததன் ரகசியமும் இதுதான். 25-க்கு மேல் போய்விட்டால் அந்த வரி இல்லை. ஆகவே 26 கிலோ சிப்பத்தின் விலையை 25-ஆல் வகுக்காமல் 26-ஆல் வகுத்துப் பாருங்கள், சில பிராண்டு உண்மையிலேயே இறங்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அதை வாங்கினால் மூட்டை தீர்வதற்குள் வண்டு குடிவந்துவிடும்.

கீழமாசி வீதிக்கு மாதா மாதம் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். அதிலும் முக்கியமான நடை மாசி, பங்குனியில் வருவது. புதுப் புளியும் புது வத்தலும் வரத்து கூடுகிற காலம் அது. ராமநாதபுரம் முண்டு வத்தல், நத்தம் பக்கத்துப் புளி, மல்லி மூன்றையும் வருஷத்துக்குச் சேர்த்து வாங்கி, பங்குனி வெயிலில் காயவைத்து, புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுகிறவர்கள் ஐப்பசியில் விலை ஏறும்போது கவலைப்படுவதில்லை. பருப்பை மட்டும் அப்படி அடைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூச்சி விழும். பருப்பு, எண்ணெய் விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்க விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வருகிறது. வாரம் ஒருமுறை ஒரு கண் ஓட்டினால் போதும்.

சூப்பர் மார்க்கெட்டின் பலம், விலையைக் கேட்காமலே பார்க்க முடிவது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: கேட்காமலே கூடைக்குள் விழுகிற சாமான்கள். சிட்டையில் இருக்கிற பருப்புக்கு 15 ரூபாய் குறைகிறது, சிட்டையில் இல்லாத சிப்ஸுக்கும் நூடுல்ஸுக்கும் 150 போகிறது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம். பாக்கெட்டில் விலைக்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்ற அலகு விலை அது, அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை அந்த எழுத்து சில நேரம் உடைத்துவிடும். எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் என்பது ஏறக்குறைய 910 கிராம்தான். செக்குக் கடையில் விலை சொல்வது கிலோவுக்கா லிட்டருக்கா என்று கேட்காமல் இரண்டு கடையை ஒப்பிட்டால் ஒன்பது சதவீதம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எங்கள் வீட்டு ஏற்பாடு: அப்பளம், வடை பொரிக்க ரேஷன் பாமாயில், தாளிப்புக்குக் கடலெண்ணெய், இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய். பாமாயிலிலேயே எல்லாச் சமையலையும் முடிப்பது சிக்கனம்தான், எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

தெருமுனை அண்ணாச்சி கடையில் கிலோ விலை கூடத்தான். ஆனால் ஐம்பது கிராம் கடுகு, பத்து ரூபாய்க்குத் தேங்காய்ச்சில்லு, காய் வாங்கினால் கொசுறாகக் கருவேப்பிலை, இதெல்லாம் வேறு எங்கே கிடைக்கும்? கால் கிலோ போதும் என்கிற இடத்தில் ஒரு கிலோ வாங்கி வீணாக்குவதைவிட அண்ணாச்சியிடம் நாலு ரூபாய் கூடக் கொடுப்பது லாபம். கடனுக்கு வாங்கியதை எழுதி வைக்கிற பற்று நோட்டு மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். வட்டி கிடையாது, ஆனால் பற்றில் வாங்குகிறவர் விலையும் கேட்பதில்லை, பேரமும் பேசுவதில்லை. மாதக் கடைசியில் கை கடித்தால் அந்த நோட்டுதான் காப்பாற்றும். ஐந்தாம் தேதி அதை அடைக்க முடியாத மாதம் வந்தால் அடுத்த மாதச் சிட்டையைப் பாதியாக வெட்ட வேண்டும்.

செல்போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் வருகிற சாமானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெலிவரிக் கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சின்ன ஆர்டருக்குத் தனிக் கட்டணம் என்று சேர்த்த பிறகு வருகிற கடைசித் தொகையை எட்டுக் கிலோ காயால் வகுத்துப் பாருங்கள். உடம்பு முடியாத நாளைக்கு வரம். அன்றாடத்துக்கு ஆகாது.

மாவு: ஆட்டுவதா, வாங்குவதா?

ஒரு கிலோ இட்லி அரிசி 45, கால் கிலோ உளுந்து 35, மொத்தம் 80 ரூபாய். இதற்கு இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாமல் மாவு காணும், அதாவது கிலோ 29 ரூபாய். அரிசி ரேஷன் என்றால் உளுந்துக் காசு மட்டும், கிலோ 13 ரூபாய்க்குள். கடையில் மாவு கிலோ 45 என்று வைத்தால், வாரம் மூன்று கிலோ செலவழிக்கிற வீட்டுக்கு மாதம் 400 ரூபாய் வரை வித்தியாசம் வரும். கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் நாற்பது நிமிஷம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் விலையில்லாதது வேறு.

பணத்தை மட்டும் பார்த்தால் ஆட்டுவது அப்பட்டமாக ஜெயிக்கிறது. ஆனால் கிரைண்டரைக் கழுவுவது யார் என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரே ஊறவைத்து, ஆட்டி, கழுவி, கவிழ்த்தும் வைக்க வேண்டும் என்றால் அந்த 400 ரூபாயை மிச்சம் என்று நான் எண்ண மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஆட்ட, இன்னொருவர் கழுவுகிற வீட்டுக்குத்தான் அது மிச்சம்.

கறி, முட்டை பற்றி இரண்டு வார்த்தை. ஞாயிறு காலையில் கறிக்கடை வாசலில் நிற்காமல் மதுரைக்காரர் இருக்க முடியாது, அதை நான் நிறுத்தச் சொல்லப்போவதில்லை. மற்ற நாட்களுக்கு முட்டை. நாமக்கல் பண்ணை விலை தினமும் பேப்பரில் வருகிறது. அதோடு ஒப்பிட்டு, முப்பது முட்டை அட்டையாக மொத்தக் கடையில் எடுத்தால் சில்லறையில் ஏறும் காசு தப்பும். புரட்டாசியில் பாதி ஊர் சைவத்துக்கு மாறும்போது கோழி விலை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அது நல்ல மாதம்.

மேலே சொன்னதெல்லாம் நாலு பேர் வீட்டுக்கு. பிள்ளைகள் வெளியூரில், இரண்டு பெரியவர்கள் மட்டும் என்றால் கீழமாசி வீதியும் 26 கிலோ சிப்பமும் தேவையில்லை. ரேஷன், வாசலுக்கு வரும் காய்வண்டி, அண்ணாச்சி கடை மூன்றும் போதும். படிக்கவோ வேலைக்கோ வந்து ரூமில் தனியாக இருக்கிற பையனுக்குச் சமைப்பதே சில வேளை நஷ்டம். கேஸ், எண்ணெய், மீந்து கெட்டுப்போகிற சோறு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மாநகராட்சி அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் எந்தச் சந்தைக் கணக்கையும் தோற்கடித்துவிடும். ராத்திரிக்கு இரண்டு முட்டையை வேகவைத்துக்கொள்ளட்டும்.